காரீயத்தின் ஒற்றைத் தாள்

பழுதான ரோச் பற்றறியை உடைத்துப் பார்க்காத பிள்ளை எமது கிராமங்களில் இருக்க முடியாது. வெளித் தகட்டை உரித்து, உள்ளே இருக்கும் கரிய மாவைக் கொட்டினால் நடுவில் ஒரு கறுப்புக் குச்சி வரும். சுவரிலே எழுதவும் சீமெந்துத் தரையில் தாயக் கட்டம் கீறவும் அது உதவும். வடக்கில் பற்றறிக்குத் தடை இருந்த 1990களில், தேய்ந்த பற்றறியை வெயிலில் காயவைத்தும் உப்புநீர் விட்டும் இன்னும் கொஞ்ச நேரம் வானொலி கேட்கப் பாடுபட்டவர்களுக்கு அந்தக் குச்சி நன்கு அறிமுகமானது. காபன் தூளையும் காரீயத்தையும் கீலோடு பிசைந்து சுட்டால் வருவதுதான் அது. பற்றறிக்குள் உண்டாகும் மின்சாரத்தை வெளியே கொண்டுவருவது அதன் வேலை.

அதே காரீயத்திலிருந்து உரித்தெடுக்கப்படும் ஒரு பொருளைப் பற்றி இங்கு விளக்க விரும்புகிறோம். அதன் பெயர் கிராபீன். அண்மைக் காலமாக இந்தப் பெயர் பற்றறி, வர்ணம், கொங்கிறீற்றுக் கலவை, நீர் வடிகட்டி, முகக்கவசம், சப்பாத்து என்று பல பொருட்களின் உறையில் அச்சிடப்பட்டு வருகிறது. உலகத்திலேயே மிகப் பலமான பொருள் என்றும், உருக்கைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வலியது என்றும் விளம்பரங்கள் சொல்கின்றன. அவை முழுப் பொய் அல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல. வீட்டைவிட்டு ஓடி, முகாமில் இருந்து, திரும்பி வந்து, வீட்டுத்திட்டப் பணத்தை எண்ணி எண்ணிச் சீமெந்து வாங்கும் குடும்பம், ஒரு பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்கலாமா என்பது சிறிய கேள்வி அல்ல. அதற்கு விடை காண, அந்தப் பொருள் என்னவென்று முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

காரீயம் என்ற சொல்லே எம்மைச் சற்றுக் குழப்பும். கார் என்றால் கறுப்பு. கறுப்பு ஈயம் என்பது அதன் பொருள். ஐரோப்பியரும் இதே தவறைச் செய்தார்கள். ஈயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு 'பிளம்பேகோ' என்று பெயர் வைத்தார்கள். அதில் ஈயம் துளியும் இல்லை, அது காபனின் ஒரு வடிவம் என்பதை 1779இல் சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் ஷீலே காட்டினார். பென்சிலின் நடுவில் இருப்பதும், பற்றறிக் குச்சியில் இருப்பதும், விறகுக் கரியில் பெரும்பகுதியாக இருப்பதும், மோதிரத்து வைரமும் எல்லாம் காபனே. அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதிலேதான் வேறுபாடு.

கோழிக்கூட்டுக்கு அடிக்கும் ஆறுமூலைக் கண் வலையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு மூலையிலும் ஒரு காபன் அணு இருப்பதாக வைத்துக்கொண்டால், அதுவே கிராபீன். ஓர் அணுவின் தடிப்பை உடைய வலை. ஒவ்வோர் அணுவும் பக்கத்து மூன்று அணுக்களை மிக இறுக்கமாகப் பிடித்திருக்கிறது. இத்தகைய வலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டால் காரீயம். கூரை வேய அடுக்கி வைத்த கிடுகுக் கட்டைத் தள்ளினால் மேலே உள்ள கிடுகு வழுக்கி விழுவது போல, காரீயத்தின் படைகளும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். வலைக்குள் இருக்கும் பிடி வலிது. வலைக்கும் வலைக்கும் இடையிலான பிடி மெலிது. இதனால்தான் பென்சில் கடதாசியில் எழுதுகிறது. நாம் எழுதும்போது படைகள் கழன்று கடதாசியில் ஒட்டுகின்றன. பூட்டுக்கும் இயந்திரத்துக்கும் காரீயத் தூள் போட்டால் உராய்வு குறைவதும் இதனாலேயே. ஒரு மில்லிமீற்றர் தடித்த காரீயத்தில் ஏறக்குறைய 30 இலட்சம் படைகள் உண்டு.

அந்தப் படைகளில் ஒன்றை மட்டும் தனியே எடுக்க முடியுமா என்று விஞ்ஞானிகள் பல காலம் கேட்டுவந்தார்கள். அப்படி எடுத்தால் அது சுருண்டு அழிந்துவிடும் என்றே பலர் எண்ணினர். 2004இல் இங்கிலாந்தின் மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் அந்திரே கைம், கொன்ஸ்ரன்ரின் நொவொசெலொவ் என்ற இருவரும் தம் குழுவினரோடு அதைச் செய்து காட்டினர். இருவரும் ரஷ்யாவில் பிறந்தவர்கள். அவர்கள் பயன்படுத்தியது சாதாரண ஒட்டும் ரேப். காரீயத் துண்டின்மேல் ரேப்பை ஒட்டி இழுத்தால் ஒரு செதில் வரும். அந்தச் செதிலை மறுபடி ரேப்பால் மடித்து ஒட்டி இழுத்தால் அது இரண்டாகும். இப்படியே திரும்பத் திரும்பச் செய்து, கடைசியில் ஒற்றைப் படை கொண்ட துணுக்குகளைக் கண்டெடுத்தார்கள். 2010இல் இருவருக்கும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. எத்தனையோ ஆய்வுகூடங்களின் குப்பைக்கூடையில் கிடந்த ரேப்பில் அந்தப் பொருள் முன்னரும் ஒட்டியிருந்திருக்கும். அதைத் தேடிப் பார்த்தவர்கள் இவர்கள்.

இந்த ஒற்றைத் தாளின் குணங்கள் வியப்பானவை. நோபல் பரிசுக் குழு அதை விளக்க ஒரு கணக்குச் சொன்னது. ஒரு சதுர மீற்றர் கிராபீனால் ஓர் ஏணை கட்ட முடியுமானால், ஏறக்குறைய 4 கிலோ நிறையுள்ள பூனையை அது தாங்கும். ஆனால் ஏணையின் நிறையோ ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. பூனையின் மீசை மயிர் ஒன்றின் நிறைதான். செம்பைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும். தன்மேல் விழும் ஒளியில் 2.3 வீதத்தை மட்டுமே உறிஞ்சுவதால் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். வாயுக்களில் மிகச் சிறிய துணிக்கைகளை உடைய ஹீலியம்கூட குறையில்லாத தாளின் ஊடாகப் புகாது.

ஆனால் இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். இவை யாவும் குறையில்லாத ஒற்றைத் தாளை, நுண்ணிய அளவில், ஆய்வுகூடத்தில் அளந்து கண்டவை. விளம்பரம் அந்த எண்களை எடுத்து ஒரு வாளித் தூளுக்கு ஒட்டிவிடுகிறது. நல்ல பருத்தி நூல் ஒன்றின் பலத்தை அளந்துவிட்டு, பஞ்சு மூட்டைக்கு அதே பலம் இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது இது.

ஆகவே அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதை அறிந்தால்தான் எதை வாங்குகிறோம் என்பது விளங்கும். ரேப்பால் உரிப்பது ஆய்வுக்கு மட்டுமே பொருந்தும். தொழிற்சாலை முறைகள் முக்கியமாக இரண்டு பக்கமாகப் பிரியும்: கீழிருந்து கட்டுவது ஒன்று, மேலிருந்து உரிப்பது மற்றது.

கட்டும் முறையில், மெல்லிய செம்புத் தகட்டை ஏறக்குறைய 1,000 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி அதன்மேல் மெதேன் வாயுவை விடுகிறார்கள். சாணவாயுக் குழியில் உண்டாகும் அதே மெதேன்தான். வெப்பத்தில் மெதேன் உடைந்து, காபன் அணுக்கள் செம்பின்மேல் படிந்து வலையாகப் பின்னிக்கொள்ளும். பிறகு செம்பைக் கரைத்தோ கழற்றியோ வலையை வேறொரு பொருளின்மேல் மாற்ற வேண்டும். 2009இல் அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இது வெற்றி கண்டது. அடுத்த ஆண்டு தென்கொரியாவில் 30 அங்குலத் தாள்களைச் செய்து காட்டினர். தரமான கிராபீன் இதுவே. ஆனால் விலை கூடியது. நுண்ணிய உணர்கருவிகள், இலத்திரனியல் உறுப்புகள் போன்றவற்றுக்கே இது பொருந்தும். எமது கைக்கு வரும் பொருட்களில் இதைக் காண்பது அரிது.

உரிக்கும் முறைகள் பல. காரீயத் தூளைத் தண்ணீரிலோ வேறு திரவத்திலோ இட்டு, வேகமாகச் சுழற்றி அல்லது ஒலியதிர்வால் ஆட்டிப் படைகளைப் பிரிக்கலாம். 2014இல் அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள திரினிற்றிக் கல்லூரி ஆய்வாளர் சமையலறை மிக்சியில் காரீயத் தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் இட்டே இதைச் செய்து காட்டினர். இதைக் கேட்டு யாரும் வீட்டு மிக்சியைப் பழுதாக்க வேண்டாம். போட்ட தூளில் மிகச் சிறிய பங்கே பிரிந்து வரும். மிகுதி காரீயமாகவே இருக்கும். அதைத் தரம் பிரிப்பதும், சவர்க்காரத்தை நீக்குவதும் மிக்சியால் ஆகும் வேலை அல்ல.

இன்னொன்று இரசாயன முறை. கடும் அமிலங்களாலும் ஒக்சியேற்றும் பொருட்களாலும் காரீயத்தைப் பதப்படுத்தினால் படைகளுக்கு நடுவே ஒக்சிசன் புகுந்து அவற்றை விரிக்கும். கிடைப்பது கிராபீன் ஒக்சைட்டு. 1859இலேயே பிரித்தானியரான புரோடி இதைச் செய்திருந்தார். இன்று வழக்கில் உள்ள முறை பெரும்பாலும் ஹம்மர்ஸ் 1958இல் வெளியிட்டதைத் தழுவியது. இது தண்ணீரில் நன்றாகக் கலக்கும், ஆனால் மின்சாரத்தை நன்கு கடத்தாது. ஒக்சிசனை நீக்கினால் கடத்தும் தன்மை ஓரளவு திரும்பும். வலையில் ஏற்பட்ட ஓட்டைகள் முழுவதும் ஆறா. அமிலக் கழிவை என்ன செய்வது என்ற பிரச்சினையும் உண்டு. தொழிற்சாலைக் கழிவு வயலுக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் வந்தால் என்ன நடக்கும் என்பதை விவசாயிக்கு நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

2020இல் அமெரிக்காவின் றைஸ் பல்கலைக்கழகம் வேறொரு வழியைக் காட்டியது. கரித் தூள், பழைய ரயர், பிளாஸ்ரிக், உணவுக் கழிவு போன்ற காபன் உள்ள குப்பைகளூடாக ஒரு நொடிக்கும் குறைந்த நேரம் பலமான மின்சாரத்தைப் பாய்ச்சி, 2,700 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் அவை கிராபீன் துணுக்குகளாக மாறுகின்றன. குப்பையிலிருந்து பொருள் செய்யும் எந்த முயற்சியும் எமக்கு மகிழ்ச்சியே. மலிவாகப் பெருமளவில் செய்ய முடியுமா என்பதில்தான் அதன் எதிர்காலம் தங்கியிருக்கிறது.

இனி, தொழிலில் இது எங்கே உண்மையாகப் பயன்படுகிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் தனிப் பொருளாக அல்ல. கறிக்கு உப்பைப் போல, வேறொரு பொருளில் சிறிதளவு சேர்க்கப்படுவதாகவே பயன்படுகிறது. அமெரிக்க ஃபோர்ட் நிறுவனம் 2018 முதல் தன் வாகனங்கள் சிலவற்றின் இயந்திர மூடிகளில் உள்ள நுரைப் பொருளில் அரை வீதத்துக்கும் குறைவான கிராபீனைச் சேர்த்தது. சத்தம் 17 வீதமும், வெப்பம் தாங்கும் திறன் 30 வீதமும் நன்மை கண்டதாக அந்நிறுவனம் தெரிவித்தது. இத்தாலிய சைக்கிள் ரயர் நிறுவனமான விற்றோரியா 2015 முதல் றப்பரில் இதைச் சேர்க்கிறது. 2018இல் ஹுவாவே நிறுவனம் ஒரு கைத்தொலைபேசியில் சூட்டைப் பரப்பும் மென்தகடாக இதைப் பயன்படுத்தியது. துருவைத் தடுக்கும் வர்ணங்களிலும் சேர்க்கிறார்கள். தாள்கள் ஓட்டின்மேல் ஓடு போல அடுக்கிப் படிவதால், ஈரம் இரும்பை அடைய வளைந்து வளைந்து நெடுந்தூரம் போக வேண்டியிருக்கிறது.

எம் மக்களுக்கு அதிகம் தொடர்புள்ளது கொங்கிறீற். 2021இல் இங்கிலாந்தின் ஏம்ஸ்பரி என்ற ஊரில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் தளம் கிராபீன் சேர்த்த கொங்கிறீற்றால் இடப்பட்டது. மன்செஸ்ரர் பல்கலைக்கழகமும் ஒரு கட்டட நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை இது. கலவை பலமானதால் ஏறக்குறைய 30 வீதம் பொருளைக் குறைக்க முடிந்ததாகச் செய்தவர்கள் தெரிவித்தனர். இதில் சேர்க்கப்படும் கிராபீன் சீமெந்தின் நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. அதாவது 50 கிலோப் பைக்கு 50 கிராமும் வராது. சீமெந்து தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது உண்டாகும் பளிங்குகள் வளர்வதற்கு அந்தத் தாள்கள் இடம் கொடுக்கின்றன.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கூழ் காய்ச்சியவர்களுக்குத் தெரியும், ஒடியல் மாவைக் கரைக்காமல் கொதிநீரில் கொட்டினால் என்ன ஆகுமென்று. கட்டி கட்டியாகிவிடும். கிராபீன் தாள்களும் ஒன்றையொன்று நாடி ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. ஒட்டிக்கொண்டால் மறுபடி காரீயமே. அவற்றை எப்படிப் பிரித்து, சமமாகப் பரப்பி, அப்படியே வைத்திருப்பது என்பதில்தான் இத்தொழிலின் முழு இரகசியமும் இருக்கிறது. சாக்கில் தூளாக வாங்கி மண்வெட்டியால் கலக்கினால் அந்தப் பயன் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிய கலவையையும், ஏழு நாள் நனைக்காமல் விட்ட தூணையும் எந்தக் கிராபீனும் காப்பாற்றாது என்பதையும் சொல்லிவைக்க விரும்புகிறோம்.

பற்றறி விடயத்தில் பெயர் இன்னும் அதிகம் ஏமாற்றும். சீனாவில் மின்சார சைக்கிள்களுக்கு 'கிராபீன் பற்றறி' என்று விற்கப்படுபவற்றில் பல, உள்ளே பழைய ஈய அமிலப் பற்றறிகளே. தகட்டில் சிறிதளவு கிராபீன் சேர்த்திருக்கும். அதனால் சிறிது நன்மை இருக்கலாம். ஆனால் கைத்தொலைபேசியில் உள்ள லித்தியம் பற்றறியோடு அதை ஒப்பிடக் கூடாது. லித்தியம் பற்றறியிலோ பெருமளவு வேலை செய்வது கிராபீன் அல்ல, காரீயம். மின்சாரக் கார் ஒன்றுக்குச் சாதாரணமாக 50 கிலோவுக்கும் மேல் காரீயம் தேவைப்படுகிறது.

உரத்திலும் ஆய்வு நடந்திருக்கிறது. அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தார் நாகத்தையும் செம்பையும் கிராபீன் ஒக்சைட்டில் ஏற்றி, பயிருக்கு மெல்ல மெல்லக் கிடைக்கச் செய்யும் முறையை 2017இல் வெளியிட்டனர். நல்ல முயற்சி. ஆனால் பயிருக்கு உணவு நாகமும் செம்பும்தான். கிராபீன் அவற்றைச் சுமக்கும் கூடை. 'கிராபீன் உரம்' என்று யாராவது போத்தலைக் காட்டினால், உள்ளே தழைச்சத்து எவ்வளவு, மணிச்சத்து எவ்வளவு, சாம்பற்சத்து எவ்வளவு என்று வழக்கமான கேள்வியையே கேளுங்கள்.

விற்பவர்கள் எல்லாரும் பொய்யர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2018இல் வெளியிட்ட ஒரு முடிவு எல்லாரும் அறியவேண்டியது. உலகெங்கும் கிராபீன் என்று விற்கும் 60 நிறுவனங்களின் தூளை வாங்கிச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் உண்மையான கிராபீன் 10 வீதத்துக்கும் குறைவு. ஒன்றில்கூட 50 வீதத்துக்கு மேல் இல்லை. மிகுதி நுண்ணிய காரீயச் செதில். வாங்கியவர்களோ விஞ்ஞானிகளும் தொழிற்சாலைகளும். அவர்களையே ஏமாற்றக்கூடிய பெயர் எங்களை விட்டுவிடுமா? சர்வதேச நியமங்களுக்கான அமைப்பு 2017இல் சொற்களுக்கு வரையறை கொடுத்தது: ஒரு படை என்றால் கிராபீன், மூன்று முதல் பத்துப் படை வரை 'சில படைக் கிராபீன்'. அதற்கு மேல் போனால் வேறு பெயர்.

ஆகவே கேட்க வேண்டியவை இவைதான்: இதில் எத்தனை படை, நிறையில் எத்தனை வீதம், அது சேராத இதே பொருளோடு ஒப்பிட்டுச் சோதித்தவர் யார், அந்தச் சோதனைத் தாள் எங்கே. நீர் வடிகட்டியென்றால் எந்த மாசை எவ்வளவு நீக்குகிறது, எத்தனை லீற்றருக்குப் பின் மாற்ற வேண்டும் என்பதையும் கேளுங்கள். விடை வராவிட்டால் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

உடலுக்குத் தீங்கு உண்டா என்றும் சிலர் கேட்பார்கள். பிளாஸ்ரிக்கிலோ கொங்கிறீற்றிலோ கட்டுண்டு கிடப்பதற்கு அஞ்ச வேண்டியது குறைவு. தூளாகப் பறந்து நுரையீரலுக்குள் போவதே கவலைக்குரியது. 2021இல் கனடாவில் கிராபீன் பூசிய முகக்கவசங்கள் கியூபெக் மாகாணப் பாடசாலைகளுக்கும் பிள்ளைகள் பராமரிப்பு நிலையங்களுக்கும் கொடுக்கப்பட்டு, துணுக்குகள் மூச்சோடு போகலாம் என்ற ஐயத்தால் நிறுத்தப்பட்டன. சோதித்த பின் சில வகைகள் அதே ஆண்டு யூலையில் மறுபடி அனுமதிக்கப்பட்டன. 2024இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், தாமாக முன்வந்த 14 பேர் மிக நுண்ணிய, தூய கிராபீன் ஒக்சைட்டை இரண்டு மணி நேரம் சுவாசித்தனர். குறுகிய காலத் தீங்கு காணப்படவில்லை. நல்ல செய்தி. ஆனால் நாள்தோறும் தூளுக்குள் நிற்கும் தொழிலாளியின் கதை வேறு. அத்தகைய வேலைக்கு எமது இளைஞர் யாராவது போனால் சரியான மூச்சுக் கவசம் கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவும் பேசியபின் எமது தீவின் காரீயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வேறு நாடுகளில் காரீயம் பாறையோடு கலந்த செதில்களாகக் கிடைக்கிறது. இலங்கையிலோ பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாக ஓடுகிறது. தோண்டி எடுக்கும்போதே 95 வீதத்துக்கு மேல் காபன் உள்ள கல் கிடைக்கும். நரம்புக் காரீயத்தை வணிக அளவில் தோண்டும் நாடு இலங்கை ஒன்றே எனலாம். கேகாலை மாவட்டத்தில் போகல, குருநாகல் மாவட்டத்தில் கஹட்டகஹ ஆகியவை பேர்பெற்ற சுரங்கங்கள். கஹட்டகஹவில் 600 மீற்றருக்கும் கீழே மனிதர் இறங்கி வேலை செய்கிறார்கள்.

தட்டார் பொன் உருக்கும் மூசையைப் பார்த்திருப்பீர்கள். உருக்கையும் பித்தளையையும் உருக்கும் பெரிய மூசைகளுக்குக் காரீயம் தேவைப்பட்டது. கிராமத்துக் குழிகளில் ஆண்கள் தோண்டினர். கொழும்புக் களஞ்சியங்களில் பெண்கள் கல்லை உடைத்துத் தரம் பிரித்தனர். இலண்டனிலும் அமெரிக்காவிலும் இருந்த தொழிற்சாலைகள் அதை மூசையாக்கி விற்றன. முதலாம் உலகப் போரில் ஆயுதம் வார்க்கத் தேவை பெருகியபோது, 1916இல் ஏற்றுமதி 33,000 தொன்னைத் தாண்டியது. சேனநாயக்க குடும்பம் உட்படச் சில குடும்பங்கள் இத்தொழிலால் செல்வம் பெருக்கின. போர் முடிந்ததும் விலை விழுந்தது. மடகஸ்காரின் மலிவான செதிற் காரீயம் சந்தையைப் பிடித்தது. குழிகள் நீரால் நிரம்பின. தோண்டியவருக்கும் தரம் பிரித்த பெண்களுக்கும் அந்தப் பெரும் பணத்தில் கிடைத்தது நாட்கூலி மட்டுமே. 1971இல் பெரிய சுரங்கங்கள் அரசுடைமையாயின. பிறகு போகல தனியார் கைக்கு மாறியது, கஹட்டகஹ இன்றும் அரசிடம் உள்ளது.

இப்போது பற்றறித் தொழிலால் மறுபடி காரீயத்துக்குத் தேவை பெருகியிருக்கிறது. பற்றறிக்கு ஏற்றபடி காரீயத்தைச் சுத்திகரித்து உருட்டும் வேலையின் மிகப் பெரும் பகுதி சீனாவின் கையில். 2023 டிசம்பர் முதல் அந்நாடு சில காரீய வகைகளை அனுமதியின்றி ஏற்றுமதி செய்யக் கூடாது என்று விதித்தபோது பல நாடுகள் கலங்கின. கல் வைத்திருப்பவனைவிடக் கல்லைப் பதப்படுத்தத் தெரிந்தவனுக்கே பலம் என்பதை விவசாயி அறிவான். நெல்லை வயலிலே விற்றவன் மாரியில் அரிசியை என்ன விலைக்கு வாங்குகிறான்?

2008இல் அரசும் தனியாரும் சேர்ந்து தொடங்கிய இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம், எமது நரம்புக் காரீயத்திலிருந்து கிராபீனும் கிராபீன் ஒக்சைட்டும் செய்யும் முறைகளை உருவாக்கியது. பின்னர் ஒரு தனியார் நிதிக் குழுமத்தோடு சேர்ந்து அதை விற்கும் நிறுவனமும் அமைந்தது. கல் தூயதாக இருப்பதால் அமிலத்தால் கழுவும் வேலை குறையும் என்பது இலங்கைக்கு உள்ள வாய்ப்பு. ஆனால் அந்தத் தூளை வாங்கி றப்பரிலும் வர்ணத்திலும் சீமெந்திலும் சேர்க்கும் தொழிற்சாலைகள் இங்கேயே பெருகவேண்டும். அதற்கு இரசாயனமும் பொறியியலும் படித்த பிள்ளைகள் வேண்டும். விஞ்ஞானப் பிரிவுக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் எமது மாவட்டங்களில் இன்னும் இருக்கின்றன.